தேமா முதல் படிமம் வரை: கவிதைச் சொற்கள் பற்றி மாணவர்கள் அடிக்கடி கேட்பவை

கவிதையை ரசித்தால் போதாதா? யாப்பு, தொடை, அணி என்று இத்தனை பெயர்கள் எதற்கு?

ரசிக்க மட்டும் என்றால் போதும். ரசித்ததை இன்னொருவருக்குச் சொல்ல வேண்டி வரும்போதுதான் சிக்கல். "நன்றாக இருக்கிறது" என்பதற்கு மேல் வாய் வராது. இந்தப் பெயர்கள் அந்த இடத்தில் கைகொடுக்கும். ஒவ்வொரு பெயரும் வரிக்குள் நடக்கிற ஒரு வேலைக்கு வைத்த பெயர். வேலையை முதலில் பார்த்துவிட்டு அதன் பெயரைக் கேட்டால் மறக்காது. பெயரை ஒப்பித்துக்கொண்டு வரியில் போய்த் தேடினால், 'போல' வந்த இடமெல்லாம் உவமை என்று எழுதிவிட்டு வருவோம்.

யாப்புக்கும் அணிக்கும் என்ன வேறுபாடு?

யாப்பு என்றால் கட்டுதல். ஓசையைக் கட்டும் முறை அது. எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று அதற்கு ஆறு உறுப்புகள். எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர், சீர் சேர்ந்து அடி. ஒரு சீர் அடுத்த சீரோடு பிணைவது தளை. அடிகளுக்குள்ளும் அடிகளுக்கு இடையிலும் ஓசை ஒத்து வருவது தொடை. அணி என்பது சொல்ல வந்த பொருளைச் சொல்லும் விதம். பொருளே புரியாத ஒரு பாட்டைக்கூட அசை பிரித்துவிடலாம். அணியைக் கண்டுபிடிக்கப் பொருள் புரிந்தே ஆக வேண்டும்.

அசை பிரிக்கும்போது எப்போதும் குழப்பம் வருகிறது. எளிய வழி உண்டா?

உண்டு. முதலில் புள்ளி வைத்த எழுத்தை மறந்துவிடுங்கள். அது அசையின் வாலில் ஒட்டிக்கொள்ளுமே தவிர, தனியாக அசை ஆகாது. மிச்சம் இருப்பது குறிலும் நெடிலும். நெடில் வந்தால் அங்கேயே வெட்டுங்கள், அது நேர். குறில் வந்தால் அடுத்த எழுத்தைப் பாருங்கள். அடுத்தது புள்ளி எழுத்து என்றால் அதையும் சேர்த்து வெட்டுங்கள்; அதுவும் நேர். அடுத்தது குறிலோ நெடிலோ என்றால் இரண்டையும் சேர்த்து எடுங்கள், அது நிரை. குறிலுக்கு அடுத்து எதுவுமே இல்லையென்றால் அது தனியாக நின்று நேர் ஆகும்.

'படா' என்பது ஒரே நிரை. 'பாட' என்பது பா / ட, இரண்டு நேர். எழுத்துகள் ஏறத்தாழ அவையேதான், ஆனால் குறில் முன்னால் நின்றால் நெடிலை இழுத்துக்கொள்ளும். நெடில் முன்னால் நின்றால் யாரையும் சேர்க்காது. பாதிக் குழப்பம் இந்த ஒரு இடத்தில்தான். வாழ்க்கை என்பதில் இரண்டு ஒற்று அடுத்தடுத்து வருகிறதே என்று பயப்பட வேண்டாம். இரண்டும் வாலில் ஒட்டும்: வாழ்க் / கை, நேர் நேர்.

இப்போது எல்லோருக்கும் தெரிந்த குறள்:

அகர முதல எழுத்தெல்லாம் ஆதி
பகவன் முதற்றே உலகு

அக / ர: நிரை நேர். முத / ல: நிரை நேர். எழுத் / தெல் / லாம்: நிரை நேர் நேர். ஆ / தி: நேர் நேர். பக / வன்: நிரை நேர். முதற் / றே: நிரை நேர். கடைசியில் உலகு.

இங்கே ஒரு எச்சரிக்கை. பொருள் எளிதில் விளங்கட்டும் என்று சில பதிப்புகளில் "எழுத்து எல்லாம்" எனப் பிரித்து அச்சிடுவார்கள். அதை வைத்து அசை பிரித்தால் ஒரு சீர் இரண்டாகிவிடும், கணக்கு கெடும். சீர் பிரித்தபடி இருக்கும் வடிவத்தில்தான் அலகிட வேண்டும், அதாவது அசை பிரித்துப் பார்க்க வேண்டும்.

தேமா, புளிமா என்று ஏன் மரம் செடிப் பெயராக இருக்கிறது?

இந்தப் பெயர்களின் அழகே, அந்தப் பெயரை அலகிட்டால் அது குறிக்கும் சீர் கிடைத்துவிடும் என்பதுதான். தே / மா என்றால் நேர் நேர். புளி / மா என்றால் நிரை நேர். கரு / விளம் நிரை நிரை. கூ / விளம் நேர் நிரை. மூன்றாவது அசை நேராக இருந்தால் காய் சேரும், நிரையாக இருந்தால் கனி சேரும். தே / மாங் / காய், தே / மாங் / கனி. பள்ளியில் இதை ராகம் போட்டு ஒப்பித்தபோது எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் மனப்பாடமே வேண்டியிருக்காது.

வெண்பாவின் கடைசிச் சீருக்கு மட்டும் நாள், மலர், காசு, பிறப்பு என்று வேறு நான்கு பெயர்கள். நாள் என்பது நேர், மலர் என்பது நிரை. இவற்றின் பின்னால் குற்றியலுகரம், அதாவது சொல்லின் கடைசியில் குறைந்து ஒலிக்கும் உகரம், ஒட்டினால் காசு, பிறப்பு. மேலே விட்டுவைத்த 'உலகு' பிறப்பு என்னும் வாய்பாடு.

தளை கட்டாயம் தெரிய வேண்டுமா?

மொத்தம் ஏழு. வெண்பாவைச் சோதிக்க வேண்டுமானால் அவற்றில் வெண்டளை இரண்டும் தெரிந்தால் போதும். மாவுக்கு முன் நிரை, விளத்துக்கு முன் நேர், காய்க்கு முன் நேர். இதில் 'முன்' என்பது அடுத்து வரும் சீரின் முதல் அசை. அதே குறளில் பாருங்கள்: அகர புளிமா, அடுத்த சீர் 'முத' என்ற நிரையில் தொடங்குகிறது. எழுத்தெல்லாம் காய்ச்சீர், அடுத்தது 'ஆ' என்ற நேர். ஆதி தேமா, அடி தாண்டிப் போனாலும் 'பக' என்ற நிரை வருகிறது. தளை அடியோடு நின்றுவிடாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மற்ற ஐந்து தளைகளை ஆசிரியப்பா, கலிப்பா, வஞ்சிப்பா படிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

எதுகை, மோனை: எது எது என்று மறந்துபோகிறது.

மோனை முதல் எழுத்து, எதுகை இரண்டாம் எழுத்து. மறந்தால் 'மோ' முதல், முதல்தான் மோனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காற்று வீசக் கதவு திறக்கும்

இதில் முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும் கா, க. இது மோனை.

வானம் இருளக் கானம் நடுங்கும்

இதில் வானம், கானம் இரண்டிலும் இரண்டாம் எழுத்து 'ன'. இது எதுகை. இரண்டுமே ஒன்றாம் சீர், மூன்றாம் சீர் என்று வந்திருப்பதால் பொழிப்பு மோனை, பொழிப்பு எதுகை. ஒன்றும் இரண்டும் என்றால் இணை. ஒன்றும் நான்கும் என்றால் ஒரூஉ. முதல் மூன்று சீரிலும் வந்தால் கூழை, நான்கிலும் வந்தால் முற்று. இரண்டாம் சீர் மட்டும் விட்டுப்போனால் மேற்கதுவாய், மூன்றாம் சீர் மட்டும் விட்டுப்போனால் கீழ்க்கதுவாய். "மண்ணில் விழுந்த மழைத்துளி மணக்கும்" என்பதை நீங்களே சொல்லிப் பாருங்கள். மேற்கதுவாய் மோனை என்று வந்தால் சரி.

இரண்டு இடத்தில் தவறு நடக்கும். ஒன்று, எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒத்தால் மட்டும் போதாது, முதல் எழுத்தின் அளவும் ஒக்க வேண்டும். பட்டு, கட்டு எதுகை. பாட்டு, கட்டு எதுகை ஆகாது. ஒன்று நெடிலில் தொடங்குகிறது, மற்றது குறிலில். இரண்டு, மோனைக்கு அதே எழுத்துதான் வர வேண்டும் என்பதில்லை. அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். மெய்களில் ச, த ஓர் இனம்; ஞ, ந ஓர் இனம்; ம, வ ஓர் இனம். இந்த மெய்கள் மோனையாக வரும்போது அவற்றின் மேல் ஏறிய உயிரும் இனமாக இருக்க வேண்டும். மலர், வண்டு மோனை. மலர், விழி மோனை இல்லை.

ஆங்கிலத்தில் ரைம் என்பார்களே, அது எதுகையா?

இல்லை. ரைம் அடியின் கடைசியில் வருவது. தமிழில் அதற்குப் பக்கத்தில் நிற்பது இயைபு. தமிழ் மரபுக் கவிதையில் காது முதலில் தேடுவது அடியின் தொடக்கத்தை. திரைப்பாடல் கேட்டுப் பழகிய நமக்கு இயைபுதான் உடனே தெரிகிறது, அதனால் அதையே எதுகை என்று எழுதிவிடுகிறோம். தேர்வுத்தாளில் மிகவும் வழக்கமான தவறு இது.

மிச்சத் தொடைகளில் முரண் என்பது எதிர்ச்சொற்கள் எதிரெதிரே நிற்பது. அந்தாதி என்பது ஓர் அடியின் முடிவு அடுத்த அடியின் தொடக்கமாவது. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாகி, நூல் முழுவதும் அப்படியே கோத்து வந்தால் அது சிற்றிலக்கிய வகையாகவே ஆகிவிடும். எந்தத் தொடையும் இல்லாமல் வருவதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், செந்தொடை!

பா வகைகளை எப்படி அடையாளம் காண்பது?

வெண்பா, ஆசிரியப்பா, கலிப்பா, வஞ்சிப்பா என நான்கு. ஓசை முறையே செப்பல், அகவல், துள்ளல், தூங்கல். நடைமுறையில் மாணவர்களுக்கு வெண்பாவும் ஆசிரியப்பாவுமே அதிகம் எதிர்ப்படும். கடைசி அடி மூன்று சீரோடு நின்று, மற்ற அடிகள் நான்கு சீராக இருந்து, கனிச்சீர் எங்கும் இல்லையென்றால் வெண்பாவா என்று சந்தேகிக்கலாம். வெண்டளை பார்த்து உறுதி செய்யலாம். இரண்டு அடி குறள் வெண்பா, மூன்று அடி சிந்தியல் வெண்பா, ஐந்து முதல் பன்னிரண்டு அடி பஃறொடை. சங்கப் பாடல்களில் பெரும்பாலானவை ஆசிரியப்பா. அதற்கு அகவல் என்றும் பெயர். பெரும்பாலும் 'ஏ' என்ற ஒலியில் முடியும். பிற்காலக் காப்பியங்களில் அதிகம் பார்க்கும் விருத்தம் பா இல்லை, பாவினம், அதாவது பாவை ஒட்டிப் பிறந்த வடிவம். தாழிசை, துறை இரண்டும் அதன் கூட்டாளிகள்.

உவமை, உருவகம், வேற்றுமை, தற்குறிப்பேற்றம்: எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஒப்பீடுதானே இருக்கிறது?

நியாயமான கேள்வி. ஒரே ஒரு நிலவையும் ஒரே ஒரு முகத்தையும் எடுத்துக்கொள்வோம். பழைய ஒப்பீடுதான், அலுத்துப்போனதும்கூட. ஆனால் வேறுபாட்டைக் காட்ட இதைவிட வசதியானது இல்லை.

"நிலவு போன்ற முகம்." இது உவமை. முகம் என்பது பொருள், அதை உவமேயம் என்றும் சொல்வார்கள். நிலவு உவமானம். 'போன்ற' உவம உருபு. இரண்டுக்கும் பொதுவான குளிர்ச்சி, வட்டம், ஒளி எல்லாம் பொதுத்தன்மை. உருபை மறைத்து "மதிமுகம்" என்றால் அது உவமைத்தொகை.

"முகமதி." சொல் இடம் மாறியது, அணியும் மாறியது. இது உருவகம். முகம்தான் மதி என்கிறோம், இரண்டுக்கும் நடுவே இடைவெளி இல்லை. உவமையில் எது பின்னால் வருகிறதோ அதைப் பற்றித்தான் பேச்சு. உருவகத்தில் சொல்ல வந்த பொருள் முன்னால் போய்விடும். மதிமுகம், முகமதி, கயல்விழி, விழிக்கயல். இந்தத் திருப்பத்தை ஒருமுறை கவனித்தவர்கள் பிறகு குழம்புவதில்லை.

"நிலவும் ஒளிரும், இவள் முகமும் ஒளிரும், நிலவில் கறை உண்டு, இவள் முகத்தில் இல்லை." முதலில் ஒப்புமை சொல்லி, பிறகு வேறுபடுத்துகிறோம். இது வேற்றுமை அணி.

"இவள் முகம் இருக்க, ஊருக்கு இரவே கிடையாது." அளவுக்கு மீறிவிட்டது. உயர்வு நவிற்சி.

"இவள் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு நிலவு மேகத்துக்குள் ஒளிந்தது." நிலவு மேகத்தில் மறைவது எப்போதும் நடப்பது. அதற்குக் கவிஞர் தன் குறிப்பை, தானே கற்பித்த ஒரு காரணத்தை, ஏற்றிவிட்டார். இதுதான் தற்குறிப்பேற்றம்.

ஒரே நிலவு, ஒரே முகம், ஐந்து அணி. பொருள் மாறவில்லை; அவற்றைப் பொருத்திய விதம் மட்டுமே மாறியது.

'போல' வந்தால் உவமைதானே?

எப்போதும் இல்லை. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும் இடத்தில், மதில் மேல் ஆடும் கொடிகள் 'வராதீர்கள்' என்று கை காட்டி மறிப்பன போல அசைந்தன என்று வரும். அங்கே 'போல்' இருக்கிறது. ஆனாலும் அது தற்குறிப்பேற்றத்துக்கே புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. காற்றில் கொடி ஆடுவது இயல்பு. நடக்கப்போகும் துயரம் தெரிந்து அது தடுக்கிறது என்பது கவிஞர் ஏற்றிய குறிப்பு.

'போல' இல்லாமலும் ஒப்பீடு வரும். "உளி படாத கல் சிலையாகாது, உழைப்பில்லாதவன் உயர்வதில்லை." இரண்டு தனித்தனி வாக்கியம், நடுவில் 'அதுபோல' மறைந்து நிற்கிறது. இது எடுத்துக்காட்டு உவமை அணி. மேலே அலகிட்ட குறளும் இதே அணிதான். எழுத்துகளுக்கு அகரம் முதல், உலகுக்கு ஆதி பகவன் முதல். நடுவில் உருபு இல்லை.

ஏகதேச உருவகம் என்பது என்ன?

தொடர்புள்ள இரண்டில் ஒன்றை மட்டும் உருவகம் செய்து மற்றதை விட்டுவிடுவது. "அறிவு என்னும் விளக்கை ஏற்றினால் அறியாமை அகலும்." அறிவு விளக்கானது, ஆனால் அறியாமையை இருள் என்று சொல்லவில்லை. நாமே நிரப்பிக்கொள்கிறோம். எனக்கு முழு உருவகத்தைவிட இது பிடிக்கும். படிப்பவருக்கும் கொஞ்சம் வேலை கொடுக்கிறது.

சொல் பின்வருநிலை, பொருள் பின்வருநிலை, சொற்பொருள் பின்வருநிலை?

பெயரிலேயே விடை இருக்கிறது. எது திரும்ப வருகிறது என்று மட்டும் கேளுங்கள். "மாலை நேரத்தில் மாலை தொடுத்தாள்": சொல் திரும்புகிறது, பொருள் வேறு. சொல் பின்வருநிலை. "முல்லை மலர்ந்தது, தாமரை விரிந்தது, அல்லி அவிழ்ந்தது": பொருள் திரும்புகிறது, சொல் வேறு. பொருள் பின்வருநிலை. இரண்டும் மாறாமல் திரும்பினால் சொற்பொருள் பின்வருநிலை. திருக்குறளில் மூன்றாவது வகை நிறைய உண்டு.

சிலேடையும் இதுவும் ஒன்றா?

இல்லை. சிலேடையில் சொல் ஒருமுறைதான் வரும், பொருள் இரண்டு. இரட்டுற மொழிதல் என்பதும் அதுவே. "ஆறு கடந்தான்" என்றால் நதியா, எண்ணா? சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை. "பலகை" என்பது மரப்பலகையாகவும், பல கை என்றும் நின்றால் பிரிமொழிச் சிலேடை. காளமேகப் புலவர் இதில் பெயர் பெற்றவர்.

உள்ளுறை, இறைச்சி என்று சங்கப் பாடல் விளக்கத்தில் வருகிறதே?

இவை சற்றுக் கடினமானவை, அவசரப்பட வேண்டாம். சங்க அகப்பாடலில் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்று அடுக்கு. நிலமும் பொழுதும் முதல்; அங்குள்ள மரம், விலங்கு, பறவை, தொழில் முதலியவை கரு; காதலின் நிலை உரி. தோழி தலைவனைப் பார்த்து, "எருமை தாமரையை மிதித்துக்கொண்டு போய் வேறு புல்லை மேயும் ஊரைச் சேர்ந்தவனே" என்று அழைப்பதாக வைத்துக்கொள்வோம். ஊரைத்தான் வருணித்தாள். ஆனால் எருமை யார், தாமரை யார், புல் யார் என்பது கேட்பவனுக்குத் தெரியும். உவமானம் மட்டும் இருக்கிறது, உவமேயம் சொல்லப்படவே இல்லை. இது உள்ளுறை உவமம். தெய்வம் தவிர மற்றக் கருப்பொருள்களை அடிப்படையாகக் கொண்டு இது அமையும் என்பது தொல்காப்பியம். இறைச்சியும் கருப்பொருளிலிருந்தே பிறக்கும். ஆனால் அதில் ஒன்றுக்கு ஒன்று என்று பொருத்திப் பார்க்க முடியாது; காட்சிக்கு அப்பால் ஒரு குறிப்பு மட்டும் தங்கும்.

படிமம், குறியீடு?

புதுக்கவிதை பேசும்போது இவை வரும். படிமம் என்பது சொல்லால் புலனுக்குக் காட்டும் காட்சி. "கொடியில் காயும் சட்டை, யாருமில்லாத தோள்களை விரித்து நிற்கிறது." இதில் தனிமை என்ற சொல் இல்லை, ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது. அதே சட்டை கவிதை முழுக்கத் திரும்பத் திரும்ப வந்து, வீட்டை விட்டுப் போன ஒருவருக்கே பதிலாக நிற்கத் தொடங்கினால் அது குறியீடு. படிமம் ஒரு வரியிலேயே வேலையை முடித்துவிடும். குறியீடு பொருள் சேர்த்துக்கொள்ள நேரம் எடுக்கும். பழைய கதையை, புராணத்தை இன்றைய பொருளுக்கு எடுத்தாண்டால் தொன்மம்.

புதுக்கவிதையில் யாப்பு இல்லை என்றால் வரியை ஏன் உடைக்க வேண்டும்? உரைநடையாகவே எழுதலாமே?

எழுதலாம், பாரதியாரே வசன கவிதை எழுதியிருக்கிறார். வரி உடைவது மூச்சு எங்கே நிற்க வேண்டும் என்று சொல்கிறது. மேலே சொன்ன சட்டையை "யாருமில்லாத" என்ற சொல்லோடு உடைத்து, "தோள்களை விரித்து நிற்கிறது" என்பதை அடுத்த வரிக்குத் தள்ளிப் பாருங்கள். யாருமில்லாத எது என்ற கேள்வி ஒரு நொடி தொங்கும். உடைப்பதால் எதுவும் தொங்கவில்லை, எதுவும் அழுத்தம் பெறவில்லை என்றால், அது வெட்டிப் போட்ட உரைநடைதான். ஹைக்கூவும் இப்படித்தான். ஜப்பானிய மரபில் 5, 7, 5 என ஒலியலகுக் கணக்கு உண்டு. தமிழில் பெரும்பாலும் மூன்று வரியை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கை விட்டுவிட்டார்கள். அதனால் இரண்டாம் வரிக்கும் மூன்றாம் வரிக்கும் நடுவில் ஏதாவது திரும்பியே ஆக வேண்டும்.

தேர்வில் "பயின்றுவந்த அணியைச் சுட்டி விளக்குக" என்றால் எவ்வளவு எழுத வேண்டும்?

மூன்று துண்டு போதும்: அணியின் இலக்கணம் ஒரு வாக்கியம், பாட்டின் பொருள் ஓரிரு வாக்கியம், அப்புறம் பொருத்தம். பலர் முதல் இரண்டையும் நீட்டி முழக்கிவிட்டு மூன்றாவதை "எனவே இது உவமை அணி ஆயிற்று" என்று முடித்துவிடுகிறார்கள். விளக்கமே அந்த மூன்றாவதில்தான் இருக்கிறது. உளி வரியை எடுத்தால்: கல் உவமானம், மனிதன் உவமேயம், உளி அடிக்கு ஈடாக உழைப்பு, சிலையாவதற்கு ஈடாக உயர்வு, இரண்டும் தனித்தனி வாக்கியமாக நின்று, இடையில் வர வேண்டிய 'அதுபோல' என்னும் உருபு மறைந்துள்ளது, ஆகவே எடுத்துக்காட்டு உவமை. அணியின் பெயரை இதற்குப் பிறகு எழுதினாலும் பரவாயில்லை.